மெஷ் எக்ஸ்டெண்டர் போட்டும் மாடி அறையில் 38 எம்பிபிஎஸ்தான், எங்கே அடைக்கிறது?

மாடிப்படி_07 (கேள்வி)

வணக்கம். கீழ்த்தளம், மேல்மாடி என்று இரண்டு தளம் உள்ள வீடு. சுவர்கள் செங்கல், நடுவே கான்கிரீட் தளம். ரூட்டர் கீழே முன்னறையில், டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் இருக்கிறது. ஏஎக்ஸ்3000 ரகம், இணையச் சேவை நிறுவனம் கொடுத்தது. திட்டம் 300 எம்பிபிஎஸ். ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று சோதித்தால் 5 கிகாஹெர்ட்ஸில் 290 வருகிறது.

சிக்கல் மாடியின் பின்னறையில். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவே இல்லை. 2.4 ஒரு கோடு காட்டிவிட்டு விழுந்துவிடும். அதற்காக ஏசி1200 எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கி (வேறு நிறுவனத்துடையது, அட்டையில் மெஷ், அதாவது பல சாதனம் ஒரே வலையாகச் சேரும் வகை என்று போட்டிருக்கிறது) அந்த அறையிலேயே ப்ளக்கில் செருகி, டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் அடிக்காமல் இணைக்கும்) பொத்தானை அழுத்தி இணைத்தாயிற்று. போனில் இப்போது முழுக் கோடும் தெரிகிறது. ஆனால் வேகம் 38ஐத் தாண்டவில்லை.

இன்னும் இரண்டு தொல்லைகள். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே மாடி ஏறினால் படம் உறைந்துவிடுகிறது, அறைக்குள் போய் வைஃபையை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. மாடியில் உள்ள ஸ்மார்ட் ப்ளக் இணையவே மறுக்கிறது. இதற்கு மூன்று சாதனம் உள்ள மெஷ் செட் வாங்குவதுதான் வழியா, இருப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா?

---

அலைநீளம்

முழுக் கோடு என்பது உங்கள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள கதை மட்டும். எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. அந்த இரண்டாவது இணைப்புக்குத்தான் பேக்ஹால் என்று பெயர், உங்கள் வீட்டில் அடைப்பு அங்கேதான். சிக்னல் எட்டாத அறையிலேயே எக்ஸ்டெண்டரை வைத்திருக்கிறீர்கள். அந்த அறையில் போனுக்கு எட்டாதது அதற்கு மட்டும் எப்படி எட்டும்? கிணற்றில் தண்ணீர் இல்லாத இடத்தில் மோட்டார் வைத்த கதை.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். கோடுகளை நம்பாமல், சிக்னல் வலுவை அளக்கும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி எதுவானாலும் காட்டும். ஐபோனில் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியை நிறுவி, போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குள் போய் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் போதும்.

எண் எதிர்மறையாக வரும், சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் அருமை. -60 வரை நன்று. -67க்குக் கீழே போனால் வீடியோ அழைப்பு திணற ஆரம்பிக்கும். -75 என்றால் இணைப்பு பெயருக்குத்தான். 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் -60க்கும் -75க்கும் எவ்வளவு தூரம் என்று புரியும்.

எக்ஸ்டெண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸில் போனை இணைத்துக்கொண்டு மாடிப்படி வழியாக மெல்ல நடந்து போங்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி நின்று எண்ணைப் பாருங்கள். -55க்கும் -65க்கும் இடையில் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் எக்ஸ்டெண்டர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது படியின் திருப்பமாகவோ மாடி வராந்தாவாகவோ இருக்கும். கான்கிரீட் தளத்தை ஊடுருவிப் போவதைவிடப் படிக்கட்டின் திறப்பு வழியாக அலை சுலபமாக ஏறிவிடும். உள்ளே கம்பி பின்னிய தளம் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பெரிய எதிரி. அதேபோல இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவை நேர்கோட்டில் வராதபடி பாருங்கள்.

அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. ரூட்டரை டிவி ஸ்டாண்டின் வயிற்றிலிருந்து வெளியே எடுங்கள். டிவியின் பின்பக்கம் முழுக்க உலோகத் தகடு. தலை உயரத்துக்குத் திறந்த இடத்தில் வையுங்கள், படிக்கட்டுப் பக்கமாக ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. வெளியே ஆன்டெனா உள்ள ரூட்டர் என்றால் எல்லாவற்றையும் நெட்டுக்குத்தாக நிறுத்தாதீர்கள். நிமிர்ந்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், தலைக்கு மேலே குறைவு. ஒன்றைப் படுக்கவைத்தால் மாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஏதாவது ரூட்டரோடு ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும்.

இப்போது கணக்கு. உங்கள் ஏசி1200இன் பிரிப்பு 2.4இல் 300, 5இல் 867. மொத்தத்தைக் கூட்டி அட்டையில் போடுகிறார்கள், ஒரே சாதனத்துக்கு 1200 ஒருபோதும் வராது. 867 என்பதும் மிக அருகில் கிடைக்கும் இணைப்பு வேகம்தான், அதில் உண்மையான தரவு ஏறத்தாழ 55 முதல் 65 சதவீதம். சிக்னல் -60 சுற்றுவட்டாரத்தில் இருந்தால் இணைப்பு வேகம் 650 அளவில் நிற்கும், கையில் வருவது 400க்குச் சற்றுக் குறைவு. எக்ஸ்டெண்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றுதான். ரூட்டரிடம் வாங்குவதும் போனுக்குக் கொடுப்பதும் அதே சேனலில் மாறி மாறி நடக்கும், அதனால் அதிலும் பாதி. ஆக நல்ல இடத்தில் வைத்தால் 150 முதல் 200 வரை எதிர்பார்க்கலாம். இப்போது உங்களுக்கு 5 எட்டாததால் பேக்ஹால் 2.4இல் விழுந்திருக்கும், 38க்கு அதுவே காரணம்.

நகர்த்தியதும் எக்ஸ்டெண்டரின் நிர்வாகப் பக்கத்தில் பேக்ஹால் எந்தப் பேண்டில், என்ன டிபிஎம்மில் நிற்கிறது என்று பாருங்கள். 5 மட்டும் என்று பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். இன்னொன்று: மறுபடியும் இணைக்க வேண்டி வந்தால் ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வைத்து இணைத்துவிட்டு, பிறகு கழற்றி மேலே கொண்டு போங்கள். டபிள்யூபிஎஸ் சாளரம் 2 நிமிடம்தான் திறந்திருக்கும்.

---

குறுக்குச்சுவர்

மேலே சொன்னது வேகத்துக்கு. மாடி ஏறும்போது படம் உறைவது வேறு விஷயம்.

அட்டையில் மெஷ் என்று இருப்பதால் அது உங்கள் ரூட்டரோடு மெஷ் ஆகிவிடாது. ரூட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டும் ஒரே மொழி பேச வேண்டும். ஏஐமெஷ், ஒன்மெஷ், ஃப்ரிட்ஸ் மெஷ் எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு, ஒன்று மற்றொன்றோடு சேராது. நிறுவனம் மாறினாலும் சேர வேண்டும் என்பதற்காக வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்ததுதான் ஈஸிமெஷ். இரண்டு சாதனத்திலும் ஈஸிமெஷ் இருந்தால் வாய்ப்பு உண்டு, ஆனால் சாதனத்தின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டே முயலுங்கள். சேரவில்லை என்றால் உங்கள் சாதனம் வெறும் ரிப்பீட்டராக, வாங்கிய சிக்னலைத் திரும்ப ஒலிக்கும் சாதனமாகத்தான் ஓடுகிறது. கண்டுபிடிப்பது எளிது: ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் எக்ஸ்டெண்டர் மெஷ் உறுப்பாகத் தனிப் படத்தில் தெரிகிறதா, சாதாரணப் போன், லேப்டாப் பட்டியலுக்குள் ஒன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ரிப்பீட்டராக இருந்தாலும் குடிமுழுகிப் போகவில்லை. வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் ரூட்டரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வைத்துவிடுங்கள். பெயரின் வாலில் எக்ஸ்டெண்டர் தானாக ஒட்டும் சொல்லை நீக்குங்கள். பெயர் வேறாக இருந்தால் போனுக்கு அது வேறு வீடு. பழைய இணைப்பு அறுந்து விழும்வரை அங்கேயே தொங்கும்.

பெயர் ஒன்றான பிறகும் எப்போது தாவுவது என்று முடிவு செய்வது போன்தான். ரூட்டர் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. ஐபோன் -70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் வேறு புள்ளியைத் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே தன் ஆவணத்தில் சொல்கிறது. தேடிக் கிடைத்தது, தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது 8 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் தாவும், சும்மா இருக்கும்போது 12. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதனால்தான் எக்ஸ்டெண்டரை ரூட்டருக்கு மிக அருகிலும் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் இரண்டும் ஒரே அளவில் கேட்கும், போன் பழையதை விடாது. இரண்டின் எல்லையும் -67 அளவில் சந்தித்துக்கொண்டால் தாவல் சுத்தமாக நடக்கும்.

ரூட்டரில் 802.11கே, 802.11வி இரண்டும் இருந்தால் ஆன் செய்யுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் போனுக்குக் கொடுக்கும். 802.11ஆர் தாவும் நேரத்தைக் குறைக்கும், ஆனால் பழைய பிரிண்டர், மலிவான ஸ்மார்ட் சாதனங்கள் சில இதைக் கண்டால் இணையாது. ஆன் செய்து ஏதாவது கழன்றால் அணைத்துவிடுங்கள். தனி ரிப்பீட்டராக ஓடினால் ஆர் பயன்படாது, இரண்டும் ஒரே மெஷ்ஷில் இருக்க வேண்டும்.

ஸ்மார்ட் ப்ளக்: இவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை, டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை தெரியாதவை. பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது 2/3 கலப்பு என்று மாற்றுங்கள், பிஎம்எஃப் (வைஃபையின் நிர்வாகச் செய்திகளுக்கான பாதுகாப்பு) என்று ஒரு தேர்வு இருந்தால் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்பதற்கு. அப்போதும் அடம்பிடித்தால் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு இணையுங்கள். இணைந்தபின் 5ஐத் திறந்துவிடலாம், ப்ளக் 2.4இலேயே கிடக்கும். 2.4இன் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11இல் ஒன்று. 3, 4, 9 என்று நடுவில் போடுவது பக்கத்து வீட்டுக்காரரோடும் சண்டை, உங்களோடும் சண்டை.

---

எட்டுக்கம்பி

நான் வேற பக்கம் இழுக்கிறேன். மாடிக்கு ஒரு லேன் கேபிள் போட வழி இருந்தா, மேல சொன்ன பாதித் தலைவலி கிடையாது. பேக்ஹாலைக் கம்பியில கொடுத்துட்டா அந்தப் பாதியாகுற கணக்கே இல்ல, ரேடியோ மொத்தமும் போனுக்குத்தான். எக்ஸ்டெண்டரைப் பின்னறையிலயே வச்சுக்கலாம். மூணு சாதனம் உள்ள செட் வாங்கி வயர்லெஸ்ஸா ஓட்டுறதைவிட, ரெண்டு சாதனமும் ஒரு கேபிளும் எப்பவும் மேல்.

முதல்ல எக்ஸ்டெண்டரோட லேன் போர்ட் என்ன வேகம்னு பாருங்க. ஏசி1200 ரகத்துல நிறைய பேர் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் வைக்கிறாங்க. அப்படின்னா கம்பி போட்டாலும் 94, 95க்கு மேல ஏறாது. உங்க 300 திட்டத்துக்கு கிகாபிட் போர்ட் வேணும். 100தான்னா கேபிள் போட்டுட்டு எக்ஸ்டெண்டரை மாத்துங்க, கேபிள் வீணாகாது.

கேட்6 வாங்குங்க, முழுச் செம்பு. சிசிஏன்னு போட்டிருந்தா வேண்டாம், அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, கிரிம்ப் பண்ற, அதாவது கம்பியை முனையில அழுத்திப் பொருத்துற இடத்துல உடையும். வெளிச்சுவர் வழியா போகணும்னா வெயில் தாங்குற கறுப்பு உறை உள்ளதைக் கேளுங்க. வீட்டுக்குள்ள 100 மீட்டர் வரம்பு யாருக்கும் வராது, கவலை வேண்டாம். மின்சார ஒயர் போற அதே குழாய்ல மட்டும் நுழைக்காதீங்க, பாதுகாப்பும் இல்ல, இரைச்சலும் ஏறும். முனையில இழுத்து மடக்காம வளைவைக் கொஞ்சம் பெரிசா விடுங்க.

ரெண்டு முனையும் டி568பி வரிசை. கிளிப் கீழ இருக்கிற மாதிரி ஆர்ஜே45 முனையைப் பிடிச்சா இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேணும். நீலம், பழுப்பு ஜோடிகள்ல ஒண்ணு சரியா உட்காரலைன்னா இணைப்பு அறுந்துடாது, பெரும்பாலும் 100க்கு இறங்கி ஓடும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. வேகம் சரியா 94லயே நிக்குதுன்னா முதல்ல கிரிம்பைப் பாருங்க. ஜோடி முறுக்கைப் பிரிக்கிறது 13 மில்லிமீட்டருக்குள்ள இருக்கட்டும்.

செருகுறதுக்கு முன்னாடி எக்ஸ்டெண்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (கம்பியில வர்ற இணையத்தை வைஃபையா கொடுக்கிற முறை) மாத்தணும். இது முக்கியம். ரிப்பீட்டர் மோடுல இருக்கும்போதே ரூட்டரோட லேன் கம்பியைச் செருகினா, காத்து வழியா ஒரு பாதை, கம்பி வழியா ஒரு பாதைன்னு வளையம் விழுந்து மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். மெஷ் செட்டா இருந்தா அதுவே கண்டுபிடிச்சுக் காத்து வழியை மூடும், தனி ரிப்பீட்டர்ல அதை எதிர்பார்க்காதீங்க. ஆக்சஸ் பாயிண்ட் மோடுல டிஹெச்சிபி, அதாவது சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கிற வசதி, அணைஞ்சிருக்கான்னு உறுதி பண்ணுங்க. ஐபி கொடுக்கிற வேலை ரூட்டர் ஒண்ணுக்குத்தான். கம்பியில ஓடும்போது எக்ஸ்டெண்டருக்கு ரூட்டரோட சேனல் வேண்டாம், வேற சேனல் கொடுங்க.

---

அலைநீளம்

@எட்டுக்கம்பி சொல்வதில் மாற்றுக் கருத்து இல்லை. கேபிள் போட முடிந்தால் அதுவே முதல் வழி. வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது என்பவர்களுக்கு மட்டும் நான் சொன்னது. பழைய டிவி கோஆக்ஸ் ஒயர் சுவருக்குள் ஓடுகிறது என்றால் மோகா அடாப்டர் இரண்டு போட்டு அதையே பேக்ஹாலாக்கலாம், கேபிளுக்கு அடுத்தபடி அதுதான். மின்சார ஒயர் வழியே போகும் பவர்லைன் அடாப்டரைத் தயங்கித்தான் சொல்வேன்: இரண்டு ப்ளக்கும் ஒரே ஃபேஸில் இல்லாவிட்டால் வேகம் பாதாளத்துக்குப் போகும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலும் அப்படியே.

மெஷ் செட் வாங்கினால் இன்னொரு பொறி இருக்கிறது. அதை ரூட்டர் மோடிலேயே விட்டுவிட்டு இணைய நிறுவனத்தின் ரூட்டருக்குப் பின்னால் செருகினால் இரட்டை என்ஏடி, அதாவது இரண்டு ரூட்டரும் அடுத்தடுத்து முகவரியை மாற்றும் நிலை ஆகிவிடும். உலாவல் ஓடும், ஆனால் விளையாட்டு, வீட்டுக் கேமரா, கீழ்த்தளத்துப் பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். நிறுவன ரூட்டரை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணையத்தை அப்படியே கடத்தும் முறை) மாற்றுங்கள், முடியாதென்றால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு.

---

மாடிப்படி_07

எல்லோருக்கும் நன்றி. கேபிள் இப்போதைக்கு முடியாது. ரூட்டரை ஸ்டாண்டுக்கு வெளியே உயரத்தில் வைத்து, எக்ஸ்டெண்டரைப் படித் திருப்பத்துக்கு மாற்றியாயிற்று. அங்கே -59. பின்னறையில் இப்போது 165 முதல் 180 வருகிறது. ரூட்டரின் பக்கத்தில் எக்ஸ்டெண்டர் சாதாரணச் சாதனமாகத்தான் தெரிகிறது, ஆக ரிப்பீட்டர்தான். பெயரை ஒன்றாக்கியதும் அழைப்பு மாடி ஏறும்போது ஒரு விநாடி தடுக்குகிறது, அறுவதில்லை. ப்ளக்கும் டபிள்யூபிஏ2க்கு மாற்றியதும் இணைந்துவிட்டது.

புதிதாக ஒன்று: நாளுக்கு ஓரிரு முறை மாடியில் மட்டும் இணையம் முழுதாகப் போய், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக வருகிறது. கீழே 2.4இல் உள்ள டிவிக்கு ஒன்றும் ஆவதில்லை. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் 36 என்று கையால்தான் வைத்திருக்கிறது, தானியங்கி இல்லை.

---

குறுக்குச்சுவர்

சேனல் அகலம் எவ்வளவு? ஏஎக்ஸ்3000இல் 160 மெகாஹெர்ட்ஸ் ஆன் ஆகியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

36 என்று எழுதியிருந்தாலும் 160 அகலத்தில் அது 36 முதல் 64 வரை பரவி நிற்கும். அதில் 52 முதல் 64 வரை ரேடாரோடு பங்கிடும் பகுதி, டிஎஃப்எஸ் என்பார்கள். 100 முதல் 144 வரையும் அதே வகை. அங்கே ரேடார் துடிப்பு போல எதைக் கேட்டாலும் ரூட்டர் பத்து விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி, அரை மணி நேரம் திரும்பவும் கூடாது. புதிய இடமும் டிஎஃப்எஸ் என்றால் குறைந்தது ஒரு நிமிடம் அமைதியாகக் கேட்டுவிட்டுத்தான் ஒலிக்கலாம். போன் அதற்குள் 2.4க்கு ஓடிவிடும். 5இல் பூட்டிய எக்ஸ்டெண்டருக்கு ஓட இடமில்லை, மேலே இருப்பவர்கள் எல்லோரும் அதோடு விழுகிறார்கள். பக்கத்தில் உண்மையான ரேடார் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தவறான எச்சரிக்கையும் நிறைய வரும்.

அகலத்தை 80 என்று மாற்றுங்கள், சேனல் 36 முதல் 48க்குள் நிற்கும். உங்கள் நாட்டில் 149 முதல் 161 வரை அனுமதி இருந்தால் அதுவும் ஆகும். வேகம் குறையுமோ என்று யோசிக்காதீர்கள்: ஏசி1200 எக்ஸ்டெண்டருக்கு 80க்கு மேல் தெரியாது, கீழே 300 திட்டத்துக்கு 80 தாராளம். மாற்றியபின் ரூட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள், முதலில் ரூட்டர், அதன் 5 கிகாஹெர்ட்ஸ் விளக்கு எரிந்த பிறகு எக்ஸ்டெண்டர். இரண்டு நாள் கழித்தும் விழுந்தால் ரூட்டரின் சிஸ்டம் லாக்கில் அந்த நேரத்து வரிகளை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.